உளியும் இழைப்புளியும்: கையால் கூர் தீட்டுவது பற்றி வாசகர் கேட்டவை

தச்சு வேலை தொடர்பாக இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூர் தீட்டுவது பற்றியே கேட்கின்றன. அவற்றில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, ஒரு அங்குல உளி புதிதாக வாங்கினேன். தீட்டியேதான் வருகிறது என்று கடைக்காரர் சொன்னார். மரத்தில் வைத்தால் நாரைப் பிய்க்கிறது. கல்லில் நெடுநேரம் தேய்த்துவிட்டேன். சரிவுப் பக்கம் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது, ஆனால் வெட்டத்தான் மறுக்கிறது. இரும்பே மட்டமானதா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இரும்பைக் குறை சொல்வதற்கு முன் உளியைத் திருப்பி, சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கூர் என்பது சரிவுப் பக்கமும் தட்டைப் பக்கமும் சந்திக்கும் கோடு. இரண்டில் எது சொரசொரப்பாக இருந்தாலும் அந்தக் கோடும் சொரசொரப்பாகவே அமையும். புதிய உளிகளின் தட்டைப் பக்கத்தில் ஆலைச் சக்கரத்தின் கீறல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவை விளிம்புவரை ஓடினால், சரிவுப் பக்கத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றினாலும் உளியின் வாய் நுண்ணிய பற்களோடுதான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை தட்டைப் பக்கத்தைச் சமப்படுத்துவது. நுனியிலிருந்து 25 அல்லது 30 மில்லிமீட்டர் வரை சமமானால் போதும். உளி முழுவதையும் தேய்த்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. மட்டமான, அதாவது மேடுபள்ளம் இல்லாத, கல்லின் மீதோ, தடித்த கண்ணாடியில் ஒட்டிய வாட்டர் பேப்பரின் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மீதோ அந்தப் பகுதியை முழுவதுமாகப் படியவைத்து, விரல் நுனிகளால் விளிம்புக்கு அருகில் அழுத்தி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிடியை ஒரு மயிரிழைகூடத் தூக்காதீர்கள், ஏனெனில் ஒருமுறை தூக்கிவிட்டால் விளிம்பு உருண்டுவிடும், அதைச் சரிசெய்ய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எங்கே தேய்கிறது, எங்கே தேயவில்லை என்று அறிய அந்தப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மையைப் பூசிக்கொள்ளுங்கள். நடுவில் மை கொஞ்சம் தங்கினால் கவலை இல்லை. விளிம்பை ஒட்டிய பட்டையில், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, மை எங்குமே இருக்கக் கூடாது. இந்த வேலை ஒரு உளிக்கு அதன் ஆயுளில் ஒருமுறைதான்.

அடுத்தது சரிவுப் பக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நீங்கள் உளியைச் சற்றே படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். அப்போது சரிவின் பின்பகுதி மட்டுமே கல்லைத் தொடும், பளபளப்பும் அங்கேதான் ஏறும். விளிம்பு கல்லைத் தொட்டே இராது. இங்கும் மை பூசிப் பார்த்தால் உண்மை இரண்டே இழுப்பில் தெரிந்துவிடும்.

விளிம்புவரை தேய்ந்துவிட்டது என்பதற்கு ஒரே நம்பகமான அடையாளம் பிசிறு. சரிவுப் பக்கத்தின் தேய்மானம் விளிம்பை எட்டியவுடன், மெல்லிய இரும்பு மறுபக்கம் நோக்கி மடிந்து எழும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. தட்டைப் பக்கத்தில் விரலை வைத்து விளிம்பைத் தாண்டி வெளிப்புறமாக இழுத்தால் விரலில் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டிப் பார்ப்பவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். பிசிறு ஒரு மூலையில் மட்டும் எழுந்திருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். முழு அகலத்திலும் எழும்வரை தொடருங்கள். எழுந்துவிட்டால் உடனே நிறுத்திவிட்டு, அதைவிடச் சன்னமான கல்லுக்கு மாறுங்கள். அதன் பிறகும் கரடுக் கல்லில் தேய்ப்பது உளியைக் குட்டையாக்குமே அன்றிக் கூராக்காது.

பிசிறை நீக்குவதில் பொறுமை வேண்டும். சன்னக் கல்லில் தட்டைப் பக்கத்தைப் படியவைத்து இரண்டு மூன்று இழுப்பு, பிறகு சரிவுப் பக்கத்தில் மிக இலேசாக இரண்டு இழுப்பு, மீண்டும் தட்டைப் பக்கம் என்று மாறிமாறிச் செய்தால் அது மெலிந்து தானே உதிர்ந்துவிடும். சிலர் மரக்கட்டையின் ஓரத்தில் உளியை இழுத்துப் பிசிறை ஒடித்துவிடுவார்கள். விரைவான வழிதான், ஆனால் ஒடிந்த இடத்தில் விளிம்பு கிழிந்து நிற்கும். இவை எல்லாம் செய்த பிறகும் வெட்டவில்லை என்றால் இரும்பைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: உளியை எத்தனை டிகிரியில் தீட்ட வேண்டும்? இழைப்புளிப் பிளேடுக்கும் அதே கோணம்தானா? கோணமானி இல்லாமல் அளக்க வழி உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பொது வேலைக்கான உளிக்கு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாப்புளியால் அடிக்காமல் கையால் மட்டும் தள்ளிச் செதுக்கும் உளியானால் 25 போதும். மென்மையான மரத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும். கதவு நிலைக்குத் துளை போடும் கனத்த உளிக்கும், கருவேலம் போன்ற கடினமான மரத்தில் அடித்து வேலை செய்யும் உளிக்கும் 35 வரை ஏற்றலாம். கோணம் குறையக் குறைய வெட்டுவது எளிது, விளிம்பு நொறுங்குவதும் எளிது. நீங்கள் தீட்டிய உளி நான்கு அடியிலேயே நொறுங்கினால், இரும்பு கெட்டது என்று முடிவுகட்டாமல் அடுத்த முறை இரண்டு டிகிரி கூட்டித் தீட்டிப் பாருங்கள்.

அளப்பதற்குக் கோணமானி தேவையில்லை. உளியின் கனத்தையும் சரிவின் நீளத்தையும் அளவுகோலால் அளந்தால் போதும். சரிவின் நீளம் கனத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 டிகிரி. 4 மில்லிமீட்டர் கனமுள்ள உளியில் சரிவு 8 மில்லிமீட்டர் என்றால் 30, ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் என்றால் 25, 7 மில்லிமீட்டர் என்றால் 35.

சரிவு முழுவதையும் 30 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் 25 டிகிரியில் கரடாகத் தேய்த்துவிட்டு, நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பட்டையை மட்டும் 30 டிகிரியில் தீட்டினால், ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டிய இரும்பு மிகக் குறைவாக இருக்கும். அந்தப் பட்டை பலமுறை தீட்டி அகலமாகிவிட்டால் மறுபடி 25 டிகிரிக்குப் போய் முதன்மைச் சரிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இழைப்புளியின் கணக்கு வேறு. வழக்கமான இழைப்புளியில் பிளேடு 45 டிகிரியிலோ அதற்குச் சற்று மேலோ, சரிவுப் பக்கம் கீழே இருக்கும்படி அமர்ந்திருக்கிறது. எனவே மரத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறது என்பதை நீங்கள் தீட்டும் கோணம் தீர்மானிப்பதில்லை. இழைப்புளியின் உடல்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் தீட்டும் கோணம் தீர்மானிப்பது, சரிவுக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதை. 45 டிகிரியில் அமர்ந்த பிளேடை 30 டிகிரியில் தீட்டினால் 15 டிகிரி இடைவெளி கிடைக்கும். 40 டிகிரியில் தீட்டினால் 5 டிகிரிதான் மிஞ்சும். வெட்டுப்பட்ட மரநார் அமுங்கி மீண்டும் மேலெழுந்து சரிவில் உரசும், பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் இழைப்புளி மரத்தைப் பிடிக்காமல் மேலேயே சறுக்கும். கல்லில் கையை உயர்த்தி உயர்த்தித் தீட்டும் பழக்கம் உள்ளவர்களின் இழைப்புளி ‘கடிக்க மாட்டேன்’ என்று முரண்டுபிடிப்பதற்கு இதுவே காரணம். 25க்கும் 32க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு எலெக்ட்ரிக் கிரைண்டரில் கொடுத்து உளியைப் பிடித்து வாங்கினேன். நுனி நீலமாகிவிட்டது. தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்கள். இப்போது அரை மணி வேலையில் மழுங்கிவிடுகிறது. என்ன ஆயிற்று? (திருப்பூர் வாசகர்)

பதில்: பதம் இறங்கிவிட்டது. கார்பன் எஃகு உளியை ஆலையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். அந்த நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், மீண்டும் 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் காட்டி நொறுங்கும் குணத்தைக் கொஞ்சம் தணிக்கிறார்கள். பிறகு நீங்கள் எப்போது அந்த வெப்பத்தைத் தாண்டினாலும் எஃகு அதற்கேற்ப மென்மையாகும். மினுக்கிய எஃகின் நிறமே வெப்பத்தைச் சொல்லிவிடும்: வைக்கோல் நிறம் 220, 230 டிகிரியில் வரும், ஊதா 280ஐ ஒட்டி, நீலம் ஏறத்தாழ 300. நீலம் வந்த பிறகு தண்ணீரில் முக்குவது அடுத்து ஏறவிருக்கும் வெப்பத்தை நிறுத்துமே ஒழிய, போன பதத்தைத் திரும்பக் கொண்டுவராது.

உளி பாழாகிவிடவில்லை. நீலம் படிந்த பகுதியையும் அதற்குப் பின்னால் ஓரிரு மில்லிமீட்டரையும் மெதுவாகத் தேய்த்து நீக்கினால் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும். அந்தத் தேய்ப்பைக் கையாலோ, கையால் சுற்றும் சாணைச் சக்கரத்திலோ செய்யுங்கள். எலெக்ட்ரிக் கிரைண்டர்தான் வேண்டுமென்றால், உளியை வெறுங்கையால் நுனிக்கு அருகில் பிடித்து, சூடு பொறுக்க முடியாமல் போவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் தண்ணீரில் முக்குங்கள். விளிம்பு மெலிய மெலிய அது சூடேறும் வேகமும் கூடும் என்பதால், விளிம்பில் கொஞ்சம் கனத்தை விட்டுவைத்துவிட்டு மீதியைக் கல்லில் முடிப்பது நல்லது. ஹைஸ்பீடு ஸ்டீல் என்று சொல்லப்படும் எஃகு 500 டிகிரியைத் தாண்டியும் பதம் இழக்காது. ஆனால் கடைகளில் கிடைக்கும் தச்சு உளிகள் பொதுவாக அந்த இனம் அல்ல.

கேள்வி: என்னிடம் இருப்பது இரண்டு பக்கமும் பயன்படும் சாதாரணக் கார்போரண்டம் கல். ஜப்பான் கல் இல்லாமல் உண்மையான கூர் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மேலும் இந்தக் கல்லுக்குத் தண்ணீரா, எண்ணெயா? (மதுரை வாசகர்)

பதில்: கல் வாங்குவதில் நம்மவர்கள் காட்டும் ஆவலில் பாதியைக் கல்லை மட்டமாக வைத்துக்கொள்வதில் காட்டினால் இந்தக் கேள்விக்கே இடம் இருக்காது. கார்போரண்டம் என்பது சிலிகான் கார்பைடு. அமெரிக்காவில் எட்வர்ட் அச்சேசன் 1891இல் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் காய்ச்சிய சோதனைகளில் கிடைத்தது. வைரத்துக்கு நெருங்கிய கடினம் உடையது. சென்னையில் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கப்பட்டதிலிருந்து இங்கேயே தாராளமாகக் கிடைக்கிறது. எஃகை வேகமாகத் தின்னும். ஆனால் அந்தக் கல்லின் சன்னப் பக்கமும் இறுதிக் கூருக்குப் போதாது. நண்பர்கள் சொல்வதில் உள்ள உண்மை அவ்வளவுதான்.

குறையை நிரப்ப வெளிநாட்டுக் கல்தான் வேண்டும் என்பதில்லை. கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறையை 1950களில் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உருவாக்கியதிலிருந்து, சாதாரண ஜன்னல் கண்ணாடியே பட்டறைக்குத் தேவையான அளவுக்கு மட்டமாக வருகிறது. அதன்மேல் தண்ணீர் தெளித்து 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரைப் (எண் கூடக் கூடத் துகள் சன்னம்) படியவைத்துத் தீட்டுங்கள். தாளில் உளியை உங்களை நோக்கி இழுக்க மட்டுமே செய்யுங்கள். தள்ளினால் தாளைக் கிழித்துவிடும். கடைசியாக, பலகையில் ஒட்டிய தோலில், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு மெருகேற்றுவோர் பயன்படுத்தும் பச்சைக் கட்டியைத் தடவி, அதிலும் பின்னோக்கி மட்டும் சில இழுப்புகள் இழுங்கள். அந்தப் பச்சை குரோமியம் ஆக்சைடு. மிக நுண்ணிய துகள்களால் ஆனது. தோலில் அழுத்தம் கூடாது, ஏனெனில் அழுத்தினால் தோல் அமுங்கி விளிம்பைச் சுற்றி எழுந்து அதை உருட்டிவிடும்.

ஜப்பானியத் தண்ணீர்க் கற்கள் நல்லவைதாம். 1000 எண் கல்லும் 6000 அல்லது 8000 எண் கல்லும் இருந்தால் வேலை விரைவாக முடியும். ஆனால் அவை மென்மையானவை, சீக்கிரம் குழிவிழும். அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மலைக் கற்கள் இதற்கு நேர்மாறு: கடினம், மெதுவாகத் தேய்க்கும், குழிவிழ நெடுங்காலம் ஆகும். எந்தக் கல்லானாலும் அதன் எண் என்ன என்பதைவிட மட்டமாக இருப்பதே முக்கியம்.

நடுவில் குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் வாய் வளைந்துவிடும், தட்டைப் பக்கமோ உப்பிவிடும். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடியில் வைத்த கரடான வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் உயர்ந்த இடங்களில் கோடு முதலில் அழியும்; எல்லாக் கோடுகளும் அழிந்தால் கல் மட்டம். அதிகம் குழிந்த கார்போரண்டம் கல்லைச் சமமான கருங்கல் தளத்தில் மணலும் தண்ணீரும் இட்டுத் தேய்க்கலாம். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் மட்டமாகிவிடும் என்று சொல்வதை முழுவதும் நம்பாதீர்கள். ஒன்று குழிந்தும் மற்றொன்று உப்பியும் அச்சாகப் பொருந்திவிட வாய்ப்பு உண்டு.

தண்ணீரா எண்ணெயா என்பதற்குப் பதில், இதுவரை எதை விட்டீர்களோ அதையே விடுங்கள் என்பதுதான். எண்ணெய் ஊறிய கல்லில் தண்ணீர் நிற்காது. எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய்போல நீர்த்தது, வேண்டுமானால் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தது. நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசுக்கேறிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் பயன்படுத்துவோர், அதிலும் கடற்கரை ஊர்களில் இருப்போர், தீட்டி முடித்ததும் உளியைத் துடைத்து ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தடவாமல் வைக்கக் கூடாது.

கேள்வி: கோணம் மாறாமல் பிடிக்கும் சக்கரம் வைத்த கருவி ஒன்று வாங்கினேன். எங்கள் மேஸ்திரி பார்த்துச் சிரிக்கிறார். (ஈரோடு வாசகர்)

பதில்: அவர் கை இருபது ஆண்டுகளாகச் செய்வதை உங்களுக்கு அந்தச் சக்கரம் முதல் நாளே செய்துகொடுக்கிறது, சிரித்துவிட்டுப் போகட்டும். உளியைப் பக்கவாட்டில் இறுக்கும் வகைக் கருவியானால், உளி 30 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் 30 டிகிரியும், 40 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் 25 டிகிரியும் கிடைக்கும். இழைப்புளிப் பிளேடு அதில் மேல்தட்டில் அமர்வதால் அளவு மாறும்: 38 மில்லிமீட்டருக்கு 30 டிகிரி, 50 மில்லிமீட்டருக்கு 25 டிகிரி. இந்த நான்கு அளவுகளுக்கும் ஒரு பலகையில் கட்டைகளை ஆணியடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். குறுகலான உளிகள் மட்டும் கருவியில் ஆடும், நேராக நிற்காது. கால் அங்குல உளிக்குக் கையையே பழக்குங்கள்: முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மணிக்கட்டை அசைக்காமல் உடம்பை முன்னும் பின்னும் அசைத்தால் கோணம் நிற்கும்.

கேள்வி: இழைப்புளியைப் புதிதாகத் தீட்டினாலும் பலகையில் இரண்டு ஓரமும் கோடு விழுகிறது. வாகைப் பலகையில் நார் பிய்ந்து குழியாகிறது. தேக்கில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கூர் சீக்கிரம் போகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். ஓரத்தில் கோடு விழுவதற்குக் காரணம், பிளேடின் வாய் முற்றிலும் நேராக இருந்து அதன் இரு மூலைகளும் மரத்தில் பதிவது. இறுதி இழைப்புக்கான பிளேடின் வாயை மிக இலேசாக வளைத்துத் தீட்ட வேண்டும்; நடுவைவிட மூலைகள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கினால் போதும். தீட்டும்போது விரல் அழுத்தத்தை இடது மூலையில் சில இழுப்புக்கும், வலது மூலையில் அதே அளவுக்கும் மாற்றி வைத்து, நடுவில் ஓரிரு இழுப்போடு முடித்தால் அந்த வளைவு தானே வந்துவிடும். மரத்தை வேகமாகக் குறைக்கும் முதல் இழைப்புக்கு இதைவிட நல்ல வளைவு கொடுக்கலாம். உளிக்கு இந்த வளைவு ஒருபோதும் கூடாது.

வாகை, வேம்பு போன்றவற்றில் நார் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அப்படியும் பின்னி ஓடுவதால், எந்தத் திசையில் இழைத்தாலும் ஏதோ ஒரு வரிசை எதிர்த்து நிற்கும். இதற்குக் கூர் மட்டும் போதாது. பிளேடின்மேல் பூட்டும் தகட்டைக் கவனியுங்கள். சீவல் எழுந்தவுடனே அதை மடித்து ஒடிப்பதுதான் அதன் வேலை; சீவல் ஒடிந்துவிட்டால் நாரை முன்கூட்டியே பிளந்துகொண்டு போக முடியாது. அந்தத் தகட்டின் நுனியைப் பிளேடின் வாயிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, முரட்டு மரமானால் 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் வரை நெருக்கி வையுங்கள். அதற்கு முன் தகட்டின் நுனியையும் கல்லில் நேராகத் தேய்த்து, பிளேடின்மேல் பூட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே சீவல் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

பிளேடின் தட்டைப் பக்கத்தை விளிம்புவரை சமப்படுத்துவதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. இங்கிலாந்தின் மரவேலை ஆசிரியர் டேவிட் சார்ல்ஸ்வர்த் பரப்பியது அது: கல்லின் ஒரு ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய எஃகு அளவுகோலை வைத்து, அதன்மேல் பிளேடின் தட்டைப் பக்கத்தைச் சாய்த்து, நுனி மட்டும் கல்லின் மறு ஓரத்தைத் தொடும்படி தீட்டுவது. ஒரு டிகிரிக்கும் குறைந்த சாய்வுதான் விழும். ஆனால் பிளேடு முழுவதையும் சமப்படுத்தும் உழைப்பு மிச்சமாகிறது. இதை உளியில் செய்துவிடாதீர்கள். உளியின் தட்டைப் பக்கம் மரத்தில் படிந்து வழிகாட்ட வேண்டிய பக்கம். அதில் சாய்வு விழுந்தால் துளையின் சுவர் நேராக வராது.

தேக்கைப் பொறுத்தவரை குறை உங்களுடையது அல்ல. அந்த மரத்திலேயே மணலின் மூலப்பொருளான சிலிக்கா கலந்திருக்கிறது. அடிக்கடி தீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: வளைந்த வாயுள்ள செதுக்கு உளியை மட்டக் கல்லில் எப்படித் தீட்டுவது? (கள்ளக்குறிச்சி வாசகர்)

பதில்: வெளிப்புறச் சரிவை மட்டக் கல்லில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை உருட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்துங்கள். பிசிறு உட்புறம் எழும். அதை நீக்க, உளியின் உள்வளைவுக்குப் பொருந்தும் உருண்டைக் கட்டை ஒன்றில் 1000 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி உட்பக்கத்தில் படியவைத்து இழுத்தால் போதும்.

கேள்வி: தீட்டியது போதுமா என்று எப்படி அறிவது? சிலர் கை முடியைச் சிரைத்துப் பார்க்கிறார்கள். (சேலம் வாசகர்)

பதில்: முடியைச் சிரைப்பது நம்பத் தகாத சோதனை, ஏனெனில் நீங்காத பிசிறும் முடியைச் சிரைக்கும், மரத்தில் வைத்த முதல் வெட்டிலேயே அது மடிந்து உளி மொட்டையாகிவிடும். முதலில் விளிம்பை நேராக விளக்கை நோக்கிப் பிடியுங்கள். மழுங்கிய விளிம்புக்கு அகலம் உண்டு, ஆகவே வெள்ளைக் கோடாக ஒளிரும். கூரான விளிம்பில் ஒளி திரும்ப இடமே இல்லை. கோடு ஓரிடத்தில் மட்டும் மின்னினால் அங்கே நொறுங்கியிருக்கிறது. பிறகு பெட்டிகள் செய்யும் மென்மையான பைன் கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் உளியைக் கையால் தள்ளிச் சீவுங்கள். கடினமான மரம் அரைகுறைக் கூரையும் மன்னிக்கும். பைனின் மெல்லிய நார் அதை மன்னிக்காது, அமுங்கி நொறுங்கி வெண்பொடியாகும். சீவிய முகம் மெழுகு பூசியதுபோல் வந்தால் உளி தயார்.

எப்போது மறுபடி தீட்டுவது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். தள்ள வேண்டிய விசை கூடுவதை உணர்ந்த உடனேயே என்பதுதான் பதில். அப்போதே தோலில் பத்து இழுப்பும், அதுவும் போதாதபோது சன்னக் கல்லில் சில இழுப்பும் போதும். முழுவதும் மழுங்கும்வரை விட்டால் கரடுக் கல்லிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், அதற்குள் அந்த உளியை அழுத்தித் தள்ளித் தள்ளிக் கை வழுக்கிக் காயமும் பட்டிருக்கும்.